உப்பு பார்க்கிறவன்

எங்கள் வீட்டில் ஊறுகாய்க்கு உப்பு பார்ப்பது நான்தான். பார்த்தது நான்தான் என்று எழுத வேண்டும். பழக்க தோஷத்தில் இன்னும் இப்படித்தான் வருகிறது.

மரக்காணத்தில் உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தியவன் நான். அதைக் குடித்தே தொலைத்தவனும் நான்தான். இன்றைக்கு என் சித்தப்பா மகனின் உப்புப் பாத்திகளை மேற்பார்வை பார்க்கிறேன். மேற்பார்வை என்றால் என்ன, வரப்பில் நடப்பது, தண்ணீர் பாய்கிறதா என்று பார்ப்பது, மழை இருட்டினால் உப்புக் குவியலை ஓலை போட்டு மூடச் சொல்லிக் கத்துவது. நான் கத்தாவிட்டாலும் அவர்கள் மூடுவார்கள். சொந்தக்காரன் தெருவில் நிற்கிறானே என்று பாவம் பார்த்துக் கொடுத்த வேலை அது.

எங்கள் பக்கம் வெட்கம் கெட்டவனைப் பார்த்து, சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா என்று கேட்பார்கள். என் மச்சான் ஒருநாள் என்னை அப்படிக் கேட்டான். உப்பளத்துக்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா அது! அன்றைக்கு அவன் வீட்டுச் சோறுதான் என் தட்டில் இருந்தது. தின்று முடித்துவிட்டுக் கை கழுவினேன்.

குத்தகை கையைவிட்டுப் போன வருஷம் என் மனைவி ஊறுகாய் போட ஆரம்பித்தாள். வானூர் சந்தையில் எலுமிச்சை வாங்கி வந்து, நறுக்கி, உப்பில் ஊறவைத்து, வெயிலில் காயவைத்து, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் தாளிப்பாள். முதலில் தெருவில் விற்றாள். அப்புறம் கோட்டக்குப்பத்து பாய் ஒருவர் வாரா வாரம் வண்டியில் வந்து எடுத்துப்போக ஆரம்பித்தார். அவருக்குக் குயிலாப்பாளையத்தில் ஒரு கடை, பொம்மையார்பாளையத்தில் ஒரு கடை. வெள்ளைக்காரர்கள்கூட விரும்பி வாங்குகிறார்கள் என்று சொல்வார். என் மகள் திண்டிவனத்தில் காலேஜ் படிப்பது அந்த எலுமிச்சையால்தான். நான் சாப்பிடுவதும் அதனால்தான்.

சிகிச்சைக்குப் போய்க் குடியை விட்டு வந்தபிறகு பல மாதம் என்னிடம் யாரும் எந்த வேலையும் சொல்லவில்லை. அடித்தால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், இது அதைவிட மோசம். கேஸ் சிலிண்டரைத் தூக்கப் போனால் மகள் முந்திக்கொள்வாள். கடைக்குப் போகட்டுமா என்றால், வேணாம், அவ போவா என்பாள் மனைவி. கையில் எதையும் கொடுக்கமாட்டார்கள். நானும் வீட்டில் இருந்தேன், பீரோவும் இருந்தது.

ஒருநாள் சாயங்காலம் கொட்டகையில் ஊறுகாயைக் கிளறிக்கொண்டிருந்தவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், “ஏங்க, உப்பு பாருங்க” என்றாள்.

டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்த மகள் தலையை நிமிர்த்தினாள். கரண்டியின் நுனியில் வந்ததைத் தொட்டு நாக்கில் வைத்தேன். இன்னும் ஒரு கை போடு என்றேன். மறுபேச்சுப் பேசாமல் போட்டாள். அவ்வளவுதான் நடந்தது. நான் கிணற்றடிக்குப் போய், முகம் கழுவுகிறவன் மாதிரி நின்றுகொண்டு அழுதேன்.

அன்றிலிருந்து அது என் வேலை. அவள் வேண்டுமென்றே உப்பைக் குறைத்துத்தான் போட்டு வைப்பாள். கடைசியில் எண்ணெய் ஊற்றிக் கிளறும்போது கூப்பிடுவாள். நான் பார்த்துச் சொல்கிற அளவுதான் அளவு. உப்புக்குப் பிறந்தவர் நாக்கு, தப்பாது என்று பாயிடம் ஒருதடவை சொன்னாள். நான் உள் அறையில் படுத்திருப்பது அவளுக்குத் தெரியாது.

இந்தச் சமயத்தில்தான், சிகிச்சை எடுத்த இடத்துக்கு மறுபடி காட்டப் போனபோது, ஒரு டாக்டர் என்னைத் தேடி வந்தார். புதுச்சேரியில் ஒரு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவர். குடியை விட்டவர்கள் மாதக்கணக்கில் ஒழுங்காக இருந்துவிட்டு, எந்தக் காரணமும் இல்லாமல் திடீரென்று ஒருநாள் கடை வாசலில் போய் நிற்கிறார்களே, அப்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. நாற்பது வயதைத் தாண்டிய பெண்மணி. குரலை உயர்த்தாமல் பேசுவார். “நீங்க எனக்கு ஒரு உதவி பண்ணணும்” என்று கேட்டார். என்னிடம் உதவி கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. மூளையையே அறுத்துக் கொடுங்கள் என்றிருந்தாலும் அன்றைக்குச் சரி என்றுதான் சொல்லியிருப்பேன்.

ஒன்றும் அறுக்கவில்லை. தலையில் வலை மாதிரி ஒரு தொப்பி மாட்டினார்கள். அதிலிருந்து ஏகப்பட்ட வயர். மண்டை முழுக்கக் குளுகுளுவென்று ஏதோ களிம்பு. எதிரே கம்ப்யூட்டரில் படம் படமாக வரும், அசையாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நடுநடுவே ஒரு பூ, ஒரு நாற்காலி, ஒரு பஸ். மற்றதெல்லாம் நம் சமாச்சாரம். குவார்ட்டர் பாட்டில், பிளாஸ்டிக் கப், தண்ணீர் பாக்கெட், ஒயின் ஷாப் கம்பி ஜன்னலுக்குள் நீளும் கை. டாக்டரின் ஆட்கள் ஈசிஆர் ரோட்டோரம் போய் எடுத்துவந்த படங்கள்.

எனக்கு உள்ளுக்குள் பெருமையான பெருமை. பாட்டில் வந்தது, ஒன்றும் ஆகவில்லை. கடை வந்தது, ஒன்றும் ஆகவில்லை. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் ஒரு ஊறுகாய் பாக்கெட் வந்தது. மூலையைக் கிழித்து, சிவப்பு எண்ணெய் ஒரு சொட்டு வெளியே வந்து நிற்கிற படம். வாயெல்லாம் ஊறியது. உள்ளங்கை வியர்த்தது. எழுந்து எங்கேயோ போக வேண்டும் என்று கால் பரபரத்தது. படம் மாறியபிறகும் அது போகவில்லை.

நான் குடித்த காலத்தில் அதற்கு ஒரு முறை வைத்திருந்தேன். உப்பளத்திலிருந்து வெளியே வந்ததும் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, முதலில் ஊறுகாயை விரலில் தொட்டு நாக்கில் தேய்த்துக்கொள்வேன். அதற்கப்புறம்தான் கப்பை எடுப்பேன். வருஷக்கணக்கில், ஒரு நாள் தவறாமல்.

டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார். எனக்கு ஒரே கோடாகத்தான் தெரிந்தது. பாட்டில் வரும்போது சும்மா ஓடிக்கொண்டிருந்த கோடு ஊறுகாய் வரும்போது எகிறி நின்றது. எனக்குப் புரிகிற மாதிரி மெதுவாகச் சொன்னார். “குடிக்கும்போது மூளை துள்ளறதைவிட, இதோ குடிக்கப்போறோம்னு தெரியற நிமிஷத்துலதான் ஜாஸ்தி துள்ளும். அந்த நிமிஷத்துல பக்கத்துல எது இருந்துச்சோ, அதையும் சேர்த்துப் பிடிச்சுக்கும். நீங்க விட்டுட்டீங்க, அது இன்னும் விடலை. இதுல வெட்கப்பட ஒண்ணுமில்லைங்க.”

எல்லோரும் இதையே சொல்கிறார்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று. சபலம் என்று நினைத்தவரை அதைத் திட்டவாவது முடிந்தது. இது என் மண்டைக்குள்ளேயே குடித்தனம் நடத்துகிறது, யாரைத் திட்டுவது? போதாததற்கு டாக்டர் அடுத்த கேள்வியைக் கேட்டார். வீட்டில் ஊறுகாய் சாப்பிடுவீர்களா?

என் மனைவி ஊறுகாய்தான் போட்டு விற்கிறாள் என்றேன். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அடிக்கடி ருசி பார்ப்பீர்களா என்றார். வாரா வாரம் உப்பு பார்ப்பது நான்தான் என்றேன். அப்படிச் சொல்லும்போதுகூட எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது, பாருங்கள்.

“வீட்ல சொல்லிடுங்க. நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேன், நீங்களே சொன்னாத்தான் சரி. சொன்னாத்தான் அவங்களால உதவி பண்ண முடியும்” என்றார்.

சொல்றேங்க டாக்டர் என்றேன். பஸ்ஸில் வரும்போது ஒத்திகைகூடப் பார்த்தேன். நீ போடுகிற ஊறுகாயால்தான் எனக்குக் குடிக்கத் தோன்றுகிறது. எப்படிப் புரட்டிப் போட்டாலும் அது ஒரு குடிகாரன் பேச்சாகத்தான் இருந்தது. என்னால் அவள் அடுப்படியில் வெந்தாள், அந்த அடுப்பே எனக்கு ஆகாது என்று எந்த வாயால் சொல்வது? அதோடு, சொன்னால் உப்பு பார்க்கக் கூப்பிடமாட்டாள். அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான். சொல்லவில்லை.

அந்த வாரமும் கூப்பிட்டாள். தெரியாதவரை ஏதோ ஓடிவிட்டது. சாயங்காலமானால் வரும் தவிப்பு, வெயிலில் நின்ற அலுப்பு என்று நினைத்திருந்தேன். தெரிந்தபிறகு நாக்கில் வைத்தால், அய்யோ, ஒவ்வொரு நரம்பும் கேட்டது. இன்னும் ஒரு கை போடு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். சும்மா நடப்போம் என்றுதான் நடந்தேன். ஈசிஆர் ரோட்டுக்கு வந்துவிட்டேன். ஒயின் ஷாப் திரும்புகிற வளைவு வரைக்கும் போயிருந்தேன். பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு என்னை உரசுகிற மாதிரி போனது. டிரைவர் அசிங்கமாகத் திட்டினான். அந்தத் திட்டில்தான் எனக்குப் புத்தி வந்தது. வீட்டுக்குத் திரும்பினேன், எங்கே போயிருந்தேன் என்று யாரும் கேட்கவில்லை.

அடுத்த தடவை வேறு வழி பண்ணினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, கரண்டியில் விரலைத் தொட்டு, வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய், அவள் கிளறத் திரும்பியதும் விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டேன்.

“எப்படி இருக்குது?”

“சரியா இருக்குது.”

“கை உப்பு வேணாமா? எப்பவும் ஒரு கை கேப்பீங்களே.”

“வேணாம், சரியா இருக்குது” என்றேன். அவள் நம்பினாள். அவள் குறைத்துப் போட்ட உப்பு குறைந்தபடியே டப்பாக்களுக்குள் போனது. அதற்கடுத்த வாரமும் அதையே செய்தேன். உப்பு விஷயத்தில் நான் பொய் சொன்னது அதுதான் முதல் தடவை. பாழாய்ப்போன காலத்தில்கூட உப்பளத்தில் நல்ல உப்பை நல்ல உப்பென்றும் கசந்த உப்பைக் கசந்த உப்பென்றும்தான் சொல்லியிருக்கிறேன்.

பாய் ஒருநாள் தன் முறை இல்லாத நாளில் வந்தார். வண்டியின் பின்னால் பெட்டிகள் கட்டியிருந்தன. எடுத்துப்போக வரவில்லை, திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். அவர் நல்ல மனுஷன். கொட்டகை வாசலில் நின்று, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டே சொன்னார்.

“கோவிச்சுக்காதம்மா. டப்பாவைத் தொறந்தா வெள்ளையா பூத்துக் கெடக்குது. கஸ்டமர் போட்டோ எடுத்துக் காட்டுறாங்க. ரெண்டு கடையிலயும் இதே கதைதான்.”

மனைவி ஒரு டப்பாவைத் திறந்தாள். மேலே பூஞ்சை. அதை ஒதுக்கி அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து நாக்கில் வைத்தாள். உப்பே இல்லை என்றாள். பாயைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள். நீங்கதானே பார்த்தீங்க என்றாள். ஆமாம் என்றேன்.

குடித்துவிட்டு வந்த ராத்திரிகளில் எனக்கு உப்பு தெரியாது. நாக்கு செத்துப்போயிருக்கும். குழம்பில் உப்பில்லை என்று தட்டை எறிந்திருக்கிறேன், உப்புக் கரிக்கிற குழம்பைச் சப்பென்று இருக்குது என்றிருக்கிறேன். நான் குடித்திருக்கிறேனா என்று சந்தேகம் வந்தால் அவள் மோரை உப்புப் போடாமல் கொடுத்துப் பார்ப்பாள். ஆகவே அவள் முகம் போன போக்கைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. கையிலிருந்த மூடி கீழே விழுந்தது, அவள் குனிந்து எடுக்கவில்லை.

மகள் எழுந்து வந்து எனக்கு எதிரே நின்றாள். என் உயரத்துக்கு வளர்ந்துவிட்டவள்.

“ஊதுப்பா.”

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நான் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ஓடிவந்து என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள். என் முகத்தோடு முகம் வைத்துக்கொள்வாள். என் மகளுக்கு என்மேல் எவ்வளவு பாசம் என்று போதையிலும் மார் நிமிர்த்தி நடப்பேன். இறங்கி ஓடி, அம்மாவைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போவாள். அவள் என்னை மோந்து பார்க்கத்தான் ஓடிவருகிறாள், அந்தத் தலையாட்டல்தான் தகவல் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. சிகிச்சைக்குப் போன இடத்தில் குடும்பத்தை உட்காரவைத்துப் பேசினார்கள். அங்கே அவளே சொன்னாள்.

இப்போது அந்தக் கட்டிப்பிடிப்பெல்லாம் இல்லை. நேராகக் கேட்டாள். பாய் போனை எடுத்து, அதில் ஒன்றுமில்லாத ஏதோ ஒன்றைப் பார்க்க ஆரம்பித்தார். நான் ஊதினேன். ஒரு அந்நிய மனுஷன் முன்னால், பெற்ற மகள் முகத்தில், ஐம்பது வயது தாண்டியவன் வாயைத் திறந்து ஊதினேன். அந்த இடத்திலேயே பூமி பிளந்திருந்தால் நன்றி சொல்லிவிட்டு இறங்கியிருப்பேன்.

வாசனை இல்லம்மா என்றாள். நிம்மதிக்குப் பதிலாக இருவருக்கும் பயம்தான் வந்தது. அப்படியென்றால் நாக்கு எங்கே போச்சு, வேறு ஏதாவது போடறீங்களா, மாத்திரையா, என்ன அது என்று மனைவி கேட்டாள். பாய் பெட்டிகளை இறக்கிவைத்துவிட்டு, அடுத்த வாரம் வர்றேம்மா, அல்லாஹ் இருக்கான் என்று சொல்லி வண்டியை எடுத்தார்.

அதற்கப்புறம் சொன்னேன். நான் ருசியே பார்க்கவில்லை, விரலைத் துடைத்துக்கொண்டேன் என்று சொன்னேன். வாயில் வைத்தால் குடிக்கத் தோன்றுகிறது, ஒருநாள் ஒயின் ஷாப் வளைவு வரைக்கும் போய்விட்டேன் என்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் வயர் மாட்டிப் பார்த்ததை, எகிறி நின்ற கோட்டை, எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸில் ஒத்திகை பார்த்த ஒரு வார்த்தையும் உதவவில்லை.

மகள் ஒரு சிரிப்புச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும். பாத்தியில் வழுக்கி விழுந்துட்டேன், அதான் லேட்டு என்று நான் சொன்ன காலத்தில் அவள் அம்மா சிரித்தது. நான் குறை சொல்லவில்லை. குடிக்கிறவன் ஆயிரம் காரணம் சொல்வான், ஊறுகாயை எவனும் இதுவரை சொல்லியிருக்கமாட்டான்.

டாக்டருக்குப் போன் போடு என்றேன். எனக்கு ஒரு சாட்சி வேண்டியிருந்தது. என் வீட்டில், என் பெண்டாட்டி பிள்ளைக்கு முன்னால், என் வார்த்தைக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்து சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. டாக்டர் முதலில் என்னிடம் கேட்டார், சொல்லலாமா என்று. சொல்லுங்க என்றேன். ஸ்பீக்கரில் எல்லாவற்றையும் பொறுமையாகச் சொன்னார். அவர் பொய் சொல்லலைம்மா, நான் சொல்லச் சொல்லியும் உங்ககிட்ட சொல்ல வெட்கப்பட்டிருக்கார் என்றார். மகளின் சிரிப்பு போய்விட்டது.

மனைவி பெட்டிகளைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். ஊறப்போட்டு வெயிலில் வைத்திருந்த எலுமிச்சை ஜாடிகளைப் பார்த்தாள். அப்புறம் என்னிடம் சொன்னாள்.

“குடிச்சிட்டு வந்திருந்தா எனக்கு என்ன பண்றதுன்னு தெரியும். இதுக்கு நான் என்னத்தை விடறது, சொல்லுங்க?”

திட்டியிருக்கலாம். எத்தனையோ வருஷம் திட்டியிருக்கிறாள், ஒன்றுகூட இப்படிப் பட்டதில்லை. டாக்டர் லைனில் இருக்கிறாரா என்றுகூடத் தெரியவில்லை, மகள்தான் போனை அணைத்தாள்.

அவள் எதையும் விடவில்லை. எப்படி விடுவாள்? பூத்துப்போனதையெல்லாம் குழி தோண்டிக் கொட்டினோம், குழியை நான் தோண்டினேன். அடுத்த சந்தைக்குப் போய் எலுமிச்சை வாங்கி வந்தாள். கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவே தகரம் வைத்து அடைத்தாள், ஜன்னலுக்கு ஒரு கதவு போட்டாள். என் தட்டில் ஊறுகாய் வைப்பதை நிறுத்தினாள். எண்ணெய் காய ஆரம்பித்ததும் எனக்குக் குரல் வரும், நீங்க போய்ட்டு வாங்க என்று. நான் செருப்பை மாட்டிக்கொண்டு உப்பளத்துப் பக்கம் போய்விடுவேன். எங்கே இந்த நேரத்தில் என்று கேட்பவர்களிடம் காற்று வாங்க என்கிறேன். டாக்டரிடம் மாதம் ஒருமுறை போகிறேன், வயர் மாட்டுகிறார்கள். கோடு கொஞ்சம் அடங்கியிருக்கிறது என்கிறார். அடங்கட்டும்.

முதல் வாரம் அவள் பழக்கத்தில், ஏங்க, என்று கூப்பிட்டுவிட்டாள். நான் இன்னும் கிணற்றடியைத் தாண்டவில்லை. நின்றேன். அந்தப் பக்கம் கரண்டி கிளறுகிற சத்தம் நின்றது. அப்புறம் மகளைக் கூப்பிட்டாள். உப்பு சரியா இருக்குதும்மா என்று மகள் சொல்வது கேட்டது. இன்னும் ஒரு கை போடணும் என்று எனக்கு வாய்வரைக்கும் வந்தது. வாசனையிலேயே சொல்லியிருப்பேன். அப்படியே நடந்தேன்.

வேலை முடிந்ததும் மகள்தான் வந்து கூப்பிடுகிறாள், சோறு ஆறுது, வா என்று. நான் வரப்பில் உட்கார்ந்திருப்பேன். போன வாரம் அவள் வருவதைத் தூரத்திலிருந்தே பார்த்தேன், அவள் என்னைப் பார்க்கவில்லை. வழியில் இருக்கிற தண்ணீர்க் குழாய் அருகே நின்றாள். கொண்டுவந்திருந்த சோப்பைப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். ரெண்டு கையையும் மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்தாள். திருப்தி இல்லை போலிருக்கிறது, திரும்பவும் கழுவினாள். திரும்பவும் மோந்து பார்த்தாள். அப்புறம்தான் என்னிடம் வந்து, பக்கத்தில் உட்கார்ந்தாள்.